இரண்டாம் நாற்காலிக்கு ஒரு காரணம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய நான்காம் வருஷம் நான் வேலையை விட்டேன். நீதிமன்றப் பதிவு அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் பிரெஞ்சுப் பத்திரங்களைப் படியெடுத்த எனக்கு, புதிதாக வந்த மேலதிகாரி கோப்புக்கு நூல் கட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். நூலையும் கோப்பையும் அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தங்கைகள் மூன்று பேரும் சொல்வார்கள். அவர்களைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஒருத்தி கடலூரில், ஒருத்தி காரைக்காலில். கடைசித் தங்கை புருஷனோடு கப்பலேறிப் போய்விட்டாள். நெல்லித்தோப்பு வீட்டில் நான் மட்டும் மிச்சம்.

பிழைப்புக்குக் குறைவில்லை. ஊரில் இருந்த நிலப் பத்திரம், உயில் எல்லாம் பிரெஞ்சில். புதிய அலுவலகங்கள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் கேட்டன. மொழிபெயர்க்கச் சொல்லி வக்கீல்கள் பியூனிடம் கொடுத்தனுப்புவார்கள். அவன் சைக்கிளை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகப் பத்திரங்களை நீட்டிவிட்டுப் போவான். நானும் முடித்ததை அதே ஜன்னல் வழியாகவே கொடுப்பேன். சில வாரங்களில் நான் பேசிய மொத்தப் பேச்சே "நாளைக்கு வா" என்பதுதான்.

ஆறு மாதம் சமையலறைப் பெஞ்சில் குனிந்து எழுதி முதுகு ஒடிந்தது. மேசை நாற்காலி வாங்கியே ஆகவேண்டும் என்று ஆனது. அப்போதும் எங்கள் ஊரில் வரி பழைய பிரெஞ்சுச் சட்டப்படிதான். வீட்டில் தொழில் செய்கிறவன் தொழிலுக்கு வாங்கிய சாமானைச் செலவாகக் காட்டி வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். செலவு கழியும் என்றால் கஞ்சனுக்கும் கை தாராளமாகிவிடும். எனக்கும் ஆயிற்று.

ஊரை விட்டுப் போகும் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுச் சாமானை ஏலம் விட்ட காலம் அது. நான் என் பெரிய அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போவேன். பார்க்கிற ஒவ்வொரு மேசையிலும் அதை விரித்துவைத்து, பக்கத்தில் ஒரு பத்திரமும் தட்டச்சுப் பொறியும் வைக்க இடம் இருக்குமா என்று சாணால் அளந்து பார்ப்பேன். "மேசைக்குப் பூசை போட வந்திருக்காரு பாரு" என்று யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாலாவது ஏலத்தில் என் மேசை கிடைத்தது. தேக்கு, பக்கத்துக்கு மூன்று இழுப்பறை, அகராதியை விரித்தும் முழங்கைக்கு இடம் மிச்சம்.

நாற்காலியில்தான் சிக்கல். நல்ல பிரம்பு நாற்காலி, கை வைத்தது. ஆனால் இரண்டு.

"ஒண்ணு போதும்" என்றேன்.

"ஜோடியா இருந்ததுங்க முசே. ஜோடியாத்தான் போவும்" என்றார் ஏலக்காரர்.

"நான் ஒண்டிக்கட்டை. எனக்கு எதுக்கு ரெண்டு?"

"வர்றவங்க ஒக்கார வேணாமா?"

யாரும் வருவதில்லை என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வரிப் படிவத்தில் வேறு யாராக இருந்தாலும் 'மேசை நாற்காலி' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார்கள். பதினெட்டு வருஷம் பிறர் வீட்டுச் சட்டி பானையைக்கூட எண்ணிப் பத்திரத்தில் ஏற்றிய கை எனக்கு. சும்மா இருக்குமா? மேசை ஒன்று, எழுத. நாற்காலி ஒன்று, நான் உட்கார. நாற்காலி இன்னொன்று, வரும் கட்சிக்காரர் உட்கார. கடைசி வரியை எழுதும்போது உள்ளே குத்தியது. அது பொய். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததன் பலன்; மூன்றாம் வாரம் வரி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இரண்டாம் நாற்காலியின் உபயோகத்தை ஆள் வந்து நேரில் பார்ப்பார்.

வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; காலையில் வயலைப் பார்த்துவிட்டு அலுவலகம் வருகிறவர். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. மேசையைச் சுற்றி வந்தார். மைக்கறையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இரண்டாம் நாற்காலியின் கைமேல் விரலை ஓட்டினார். விரல் நுனியில் தூசி.

"இதுல யாருங்க ஒக்கார்றது?"

"கட்சிக்காரங்க."

"வர்றாங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் கட்டிக் காத்த நாணயம் அரை நிமிஷத்தில் போகப்போகிறது என்று நினைத்தேன். "யாரும் வர்றதில்லைங்க. ஜோடியா வித்தாங்க, வாங்கிட்டேன். அந்த வரிய அடிச்சிடுங்க" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. தோள் துண்டால் தூசியைத் தட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்து, மேசைமேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். "இப்ப நான் ஒக்காந்துட்டேன்ல? ஆபீஸ் வேலையாத்தான ஒக்காந்திருக்கேன்? உபயோகத்துல இருக்குதுன்னு எழுதிட்டேன். பொய்யில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல் வந்தது. தொண்டைக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. காபி போட்டேன், பால் இல்லை, வெறும் காபிதான். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கியதைச் சொன்னார், மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைச் சொன்னார், மேலதிகாரிகளைத் திட்டினார். நான் கோப்பு நூல் கதையைச் சொன்னேன். "மேசையிலயேவா வச்சிட்டு வந்தீங்க? மூஞ்சியிலேயே வீசியிருக்கணும்" என்றார். ஒரு மணி நேரம் இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷ முகம் இருந்தால் அறையே வேறாகிவிடுகிறது. அவர் போன பிறகு அந்த நாற்காலியை உள்ளே தள்ளாமல், அவர் விட்டுப்போன கோணத்திலேயே ஒரு வாரம் வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் நான் ஓர் அலமாரி வாங்கினேன். என்னிடம் அலமாரியில் வைக்க ஒன்றும் இல்லை. எதற்கு வாங்கினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிவத்தில் 'அலமாரி ஒன்று, ஆறு தட்டு, ஒரு பூட்டு' என்று யாருக்கும் சந்தேகம் வரும்படி விரிவாக எழுதினேன். உபயோகம் என்ற இடத்தில் வேண்டுமென்றே பாதி சொல்லி நிறுத்தினேன். ஆளை அனுப்பாமல் எப்படி விடுவார்கள்?

பால்காரியிடம் தினமும் கால்படி பால் வாடிக்கை வைத்தேன். காலையில் இரண்டு நாற்காலியையும் துடைப்பேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் சட்டையை மாட்டிக்கொள்வேன். அவர் பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று கேட்க வேண்டும், கிணறு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் ஆயிற்று. மீந்த பாலையெல்லாம் உறை ஊற்றி, தயிர் தின்று தின்று சளி பிடித்தது.

கடைசியில் மணி அடித்தது தபால்காரர். அலமாரிச் செலவு ஒப்புக்கொள்ளப்பட்டது. கூடவே, நாற்காலியைப் பார்க்க வந்தவர் சென்ற வருஷம் எழுதிய அறிக்கையின் நகல். அவர் கையெழுத்து, ஒழுங்கான பிரெஞ்சு: 'நேர்மையானவர். தமக்குப் பாதகமான உண்மையையும் தாமே சொன்னார். இவர் எழுதிக் கொடுப்பதை அப்படியே நம்பலாம். இனி இவர் வீட்டுக்கு நேரில் சென்று பார்க்கத் தேவையில்லை.'

எனக்கு நல்லது செய்ததாக நினைத்திருப்பார் மனுஷன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். எதற்கு என்று காரணம் எழுத வேண்டுமே. அரைமணி நேரம் யோசித்தும் ஒரு காரணமும் அகப்படவில்லை. சும்மா வாருங்கள் என்று ஒருவரைக் கூப்பிடலாம் என்பது பதினெட்டு வருஷக் கைக்கு எட்டவில்லை. தங்கள் அறிக்கைக்கு நன்றி என்று நல்ல பிரெஞ்சில் மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.