காம்பஸின் முதுகில் இரண்டு அம்பு

போன ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலில், ஊரிகத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போடா. போன்ல பேசுற விசயம் இல்ல" என்றாள். சர்க்கரை ஏறிவிட்டதோ, பிரஷரோ என்று பயந்துகொண்டே பெங்களூரில் ரயில் பிடித்தேன்.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். பிரித்தால்... நைனாவின் காம்பஸ்!

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை. சர்வே ஆபீசர்களோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, அவர்களுடைய கருவிகளைத் தூக்கிப் போவார். லீவு நாளில் இந்தப் பித்தளை காம்பஸைக் கண்ணருகே வைத்து, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையான சயனைடு மேட்டைப் பார்த்தபடி நிற்பார். "அதோ, அந்தப் பக்கம் வேலூர்" என்பார். நாள் பூரா பூமிக்கடியில் கிடந்துவிட்டு வருகிற மனுஷனுக்குத் திசை தெரிந்தாலே ஒரு நிம்மதி போலிருக்கிறது. எனக்கும் ஒரு தடவை பார்க்கக் கொடுத்தார். உள்ளே முள் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று அந்த காம்பஸ் கண்ணில் படவே இல்லை.

"இத்தினி வருசமா எங்கே இருந்தது?" என்றேன்.

"எங்கிட்டதான். அம்மா போனப்புறம் நான்தான் எடுத்து வெச்சேன். இது களவுப் பொருள்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோல்ட் ஃபீல்ட்ஸில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சந்தேகம் வந்தால் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளிலும் சோதனை. மார்க் போட்ட ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால் போச்சு... தங்கமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? அப்படி ஒரு நாள் பக்கத்து வரிசையில் சோதனை நடந்தபோது, அம்மா இந்த காம்பஸைக் கேழ்வரகு மாவு டின்னுக்குள் அமுக்கினாளாம். "மார்க் கீது இதுல! கம்பெனி சாமான்னு உள்ள தள்ளிடுவான்" என்று நைனாவிடம் அழுதாளாம். சின்னப் பெண்ணான அக்கா கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். நைனா சர்வே ஆபீசிலிருந்து எடுத்து வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"கம்பெனியிலயே குடுத்துடலாம்னு பலவாட்டி நெனச்சேன். அதையும் மூடிட்டான். இப்ப பேரன் கேக்குறான். களவுப் பொருளை எப்படிடா அவன் கையில குடுக்கிறது? இன்னான்னு விசாரிச்சுச் சொல்லு."

பெங்களூரில் என் நண்பர் முரளிக்குப் பழைய கருவிகள் சேர்க்கிற பைத்தியம். மறுநாளே கொண்டுபோனேன். வழியெல்லாம் ஒரே படபடப்பு — அக்கா சொன்னது உண்மையாகிவிட்டால்?

முரளி மூடியைத் திறந்தார். கீல் இடுக்கில் இன்னும் மாவு!

"இது சுரங்கத்தில் சர்வே செய்கிற டயலே இல்லை சார். அதை ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். இது பட்டாளத்து காம்பஸ். நடந்துகொண்டே கையில் பிடித்துத் திசை பார்க்க. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ்காரன் செய்தது."

"அந்த மார்க்?"

"அம்பு. அரசாங்கச் சொத்து என்று அர்த்தம்."

கம்பெனிச் சொத்து போய் அரசாங்கச் சொத்தா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லையே!

முரளி லென்ஸை என் கையில் கொடுத்தார். "நன்றாகப் பாருங்கள். ஒரு அம்பு இல்லை, இரண்டு. மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது, நட்சத்திரம் மாதிரி. வேண்டாம் என்று அரசாங்கமே விற்கும்போதுதான் எதிரே இரண்டாவது அம்பைக் குத்துவார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம்."

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை. நைனா எந்தப் பழைய சாமான் கடையில் வாங்கினாரோ, தெரியாது. திருடவில்லை. அது போதும். அம்மாவும் அவரைச் சந்தேகப்படவில்லை. சோதனைக்கு வருகிறவனுக்குத்தான் பயந்திருக்கிறாள். மார்க் என்றாலே கம்பெனி என்று நினைக்கிற ஊரில் வேறு என்ன செய்வாள்?

அன்று சாயங்காலமே ஊரிகம் போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், காம்பஸை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு அம்பையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா?"

"எங்க நைனா தப்பு பண்ணாரு, ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை இருந்திச்சுடா எனக்கு. அவரு உசிரோட இருந்தப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

திருடாதவரை மன்னிப்பதற்கு நாம் யார்!