நஜ்மாவில் குளிர் பழகிய வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறு உண்ட கையின் ஈரம் காயுமுன்பே அந்தக் குளிர் கால் விரல்களில் ஏறத் தொடங்கிவிடும். ஜன்னலில் பொருத்தியிருந்த ஏசிப் பெட்டி கடைசி எண்ணுக்குத் திருகப்பட்டு, பாரம் ஏற்றிய லொறி மேடு ஏறுவதுபோல் உறுமிக்கொண்டு, நனைந்த தூசியின் மணத்தை அறை முழுக்க ஊத, நாங்கள் மூன்று பேரும் சுவெற்றர் மாட்டி, காதை மூடித் துவாய் சுற்றி, தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்போம். வெளியே டோஹாவின் நஜ்மாவில் உச்சக் கோடை, தெருவில் ஒரு பூனைகூட நடமாடாது. அப்பா இதற்கு வைத்த பெயர் "குளிர் பழகல்".

பழகியது கனடாவுக்காக. அப்பா களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த கம்பெனி மூடப்படப்போகிறது என்பது அந்த வருடத் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வருட முடிவோடு கஃபீல், எங்கள் விசாவுக்குப் பொறுப்பு நின்ற கட்டாரி முதலாளி, விசாவை முடித்துவிடுவார், அதற்குப் பிறகு கட்டாரில் எங்களுக்குக் கால்வைக்க இடமில்லை. ரொறன்ரோவில் இருந்த பெரியப்பா எங்களைக் கூப்பிடுவதற்கான அலுவல்களையெல்லாம் பார்த்துவிட்டிருந்தார். மறுத்தவர் அம்மா. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே "முட்டு". குளிர்காற்றுப் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும், யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிக்கே தலையணையை மடியில் வைத்து இரவிரவாக இருந்து மூச்சு வாங்கியவர். "நீங்கள் போய் உழையுங்கோ, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன்" என்று, பாத்திரம் கழுவிய கையை நிறுத்தாமலே சொன்னார். ஊரில் அப்போது சண்டை. அங்கே போனவர்கள் திரும்பிவர எவ்வளவு காலமாகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோமா இல்லையா என்பதுதான் விஷயம் என்று, யாரும் எடுத்துச் சொல்லாமலே, ஆறாம் வகுப்புக்காரியான எனக்கும் விளங்கியிருந்தது.

"பழகினா எல்லாம் சரிவரும்" என்பது அப்பாவின் மந்திரம். இந்தியும் அரபியும் அவர் அப்படித்தான் கற்றார். பால் இல்லாத சுலைமானித் தேநீரையும், சொல்லாமல் வரும் மணற்புயலையும், மனேஜரின் வாயையும் அப்படித்தான் பழகினார். குளிர் மட்டும் எம்மாத்திரம்?

அந்த நேரம் பார்த்து, கொழும்புக்குப் போகிற வழியில் டோஹாவில் இறங்கிய ஒருவரிடம் பெரியப்பா ஒரு வீடியோ கசெற் கொடுத்துவிட்டார். ஐஸ் ஹொக்கி. கூலிக்கு ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள், வழக்கமாகக் கூரைக்குக் கீழே ஆடுகிறவர்கள், அன்று ஒரு நாள் வெட்டவெளியில், திறந்த மைதானத்தின் நடுவே பனிக்கட்டித் தளம் போட்டு, நடு மாரியில் ஆடிய ஆட்டம். குளிருக்குப் பயப்படுகிற மனுசிக்கு இதைக் காட்டு, சனம் எப்படி வெளியில் இருந்து பார்க்கிறது என்று விளங்கும் என்பது செய்தி. அங்கத்தைய கசெற் எங்கள் பழைய "டெக்"கில் ஓடியது. ஆனால் நிறம் வரவில்லை. வெள்ளைத் தரை, சாம்பல் வானம், கறுத்த சட்டைக்காரர்கள், அவர்களை எதிர்த்துக் கொஞ்சம் குறைவாகக் கறுத்த சட்டைக்காரர்கள். "மாரியில அங்க அப்பிடித்தான், நிறம் இராது" என்று அப்பா துணிந்து சொன்னதை நான் விமானம் தரையிறங்கும்வரை நம்பினேன்.

ஆட்டத்தின் சட்டம் எங்கள் மூவரில் எவருக்கும் தெரியாது. கத்தி வைத்த சப்பாத்துகள் பனியைக் கீறிக்கொண்டு போகிற ஓசை, புளியங்கொட்டை அளவில் ஓடி ஒளிகிற அந்தக் கறுத்த வட்டு, கண்ணாடியில் மோதி விழுந்து எழும்பி மறுபடி மோதுகிற உடம்புகள், ஒவ்வொரு வாயிலிருந்தும் இரயில்போலப் புகை, தாடிகளில் பூத்த பனித்துகள், இடையிடையே சவளோடு வந்து தளத்தை வழித்துவிட்டுப் போகிறவர்கள், வாங்குப் பலகையில் இருந்தபடி கையுறையைக் கழற்றி ஹீட்டரில் விரல் காய்ச்சுகிறவர்கள்: இவை போதுமாயிருந்தன. வட்டு வலைக்குள் போனால் அப்பா "அவுட்!" என்பார்.

எங்கள் பயிற்சியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர் சரோஜா அக்கா. நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துக்காரி, ஒரு கட்டாரியின் வீட்டில் வேலை, லீவு கிடைக்கிற வெள்ளிகளில் எங்களிடம் வருவார். "என்னாக்கா இது, மீனை ஐஸ் பொட்டியில வச்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "சார், அந்தப் பயலுக ஓடுறானுக, அதான் வெறைக்கல. நாங்களும் பனியில கொழுந்து எடுத்தவங்கதான், கை ஓடுற வரைக்கும் குளிர் தெரியாது. நீங்க எந்திரிச்சு வீட்டக் கூட்டுங்க, கனடா தானா பழகிரும்" என்றார். அம்மா அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அப்பா மட்டும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அம்மா பார்த்தது ஆட்டத்தை அல்ல. கூட்டத்தைக் காட்டும்போது ஒரு கணம், போர்வைகளுக்குள் மூக்கு மட்டும் தெரிய ஒரு கிழவி வந்து போவாள். அவளுக்காகவே அம்மா ஒவ்வொரு வெள்ளியும் காத்திருந்தார். "இண்டைக்கும் வந்திருக்கிறா, விடாத மனுசி" என்பார். ஒருநாள் கேட்டார்: "இஞ்சருங்கோ, இந்த மனுசி உயிரோட வீடு போய்ச் சேர்ந்திருப்பாவோ?"

"ஏன் போகாம? அவவுக்குப் பழகிப்போச்சு" என்றார் அப்பா.

வெயில் தணிந்துவிட்ட கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் பாதியில், அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. உதடு கறுத்து, வாய் திறந்து, காற்று உள்ளே போக மறுத்தது. மூச்சுக்கு அடிக்கிற "பம்ப்" இருந்த இடத்தை நான் தேட, அப்பா ஏசியை அணைத்துவிட்டு, வருடக்கணக்காகத் திறக்காத மற்ற ஜன்னலைக் கையால் அடித்துத் திறந்தார். தெருவின் சூடு, பெற்றோல் மணம், மீன் பொரிக்கும் மணம் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. பம்பும் அந்தச் சூடுமாக அம்மாவின் மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. தொலைக்காட்சியில் அவர்கள் இன்னும் மோதிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றிரவு அப்பா பெரியப்பாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணை, இது சரிவராது. நான் தனியத்தான் வரவேணும் போல."

நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா குனிந்து, "அத்தான், அந்தக் கசெற்றில ஒரு கிழவி வாறா. ஆட்டம் முடிஞ்சு அவ எப்பிடி வீடு போயிருப்பா?" என்றார்.

"எப்பிடியோ? காருக்குள்ள ஹீட்டர், வீட்டுக்குள்ள ஹீட்டர். பிள்ளை, இஞ்ச வெளியில ஸ்னோ கொட்டுது, நான் சறத்தோடையும் பெனியனோடையும் நிண்டு வேர்க்க வேர்க்க உன்னோட கதைக்கிறன். உள்ளுக்கும் குளிரெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஏசிப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப, இவ்வளவு நாளும் குளிருக்குள்ள இருந்தது நாங்களோ?" என்றார் அம்மா. பெரியப்பாவின் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அப்பாவிடம், சந்தைக்குப் போவதைக் கேட்பதுபோலக் கேட்டார்: "பாஸ்போட்டுக்குப் படமெடுக்க எப்ப போறது?"

மூன்று பேருமாகவே கனடாவுக்குப் போனோம். அங்கே வாழ்ந்த இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் பார்க்கவில்லை; டிக்கெட் விலை அப்படி. அப்பா முதல் மாரியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். அவரை எரித்ததும் ஒரு மாரியில்தான்.

வேலை என்னை மறுபடி டோஹாவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. நஜ்மாவில் நாங்கள் இருந்த கட்டடம் இல்லை, அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஜன்னலில் உறுமும் பெட்டிகள் அருகிவிட்டன. குளிர் இப்போது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வருகிறது. பெரிய மோல் ஒன்றில் பனித்தளம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளும் ஹொக்கி மட்டையோடு சறுக்கியபடி ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் திட்டிக்கொள்கிறார்கள். சரோஜா அக்கா எந்த நாட்டில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரியவில்லை. விசாரித்தேன், அவர் வேலை பார்த்த குடும்பத்தின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

போன கிழமை அம்மா போன் எடுத்தார். பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே, முழங்கால் அளவுக்குப் பனி, பின்னேரம் ஒரு நடை போய்விட்டு வந்தாராம், வடிவாக இருந்ததாம். நெஞ்சு எப்படி என்று கேட்டேன். அவர் திருப்பி என்னைக் கேட்டார்.

"நீ இப்ப ஒஃபிசுக்குள்ளயோ? சுவெற்றர் போட்டிருக்கிறியோ? அந்தக் குளிர் கூடாது பிள்ளை."

போட்டிருந்தேன்.