ரேடியோ ஒலிபரப்பாத பன்னிரண்டு வார்த்தைகள்

என் சித்தியிடம் ரகசியம் சொல்வதும் தெருமுனையில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். மைக்குக்கு வாடகை உண்டு, சித்தி இலவசம். சலூனில் முடி வெட்டுகிறவள். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அதனால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ரேடியோ. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் பெரிய கும்பிடு போட்டதை முதலில் அவளிடம்தான் சொன்னேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் அம்மா கரண்டியோடு வாசலில் நின்றாள்.

இப்படிப்பட்ட ரேடியோவுக்குத்தான் போன வருஷம் கிரிப்டோ வந்து சேர்ந்தது.

சுருட்டை முடி வெட்டுவதில் சித்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் போட்ட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, கடல் தாண்டி இருக்கும் ஒரு பெண் தனக்கும் கற்றுத்தரச் சொன்னாள். வாராவாரம் வீடியோ அழைப்பில் பாடம். சம்பளத்தை அந்தப் பெண் டிஜிட்டல் நாணயமாக அனுப்பத் தயாராக இருந்தாள். சித்தியோ வாடகை நாற்காலிக்காரி, கூலியில் பாதி சலூன் முதலாளிக்குப் போய்விடும். இந்தக் காசு சேர்ந்தால் சொந்தமாக ஒரு கடை, ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி. அவளுக்கு வேறு ஆசை கிடையாது. சித்தப்பாவை மாற்றலாமா என்று எப்போதாவது யோசிப்பாள், அவ்வளவுதான்.

அந்தக் காசை வைத்துக்கொள்ளும் வாலட் செயலியைப் போனில் நான்தான் ஏற்றிக்கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன். வாலட்டின் உண்மையான சாவி, முதல்முறை திறக்கும்போது திரையில் வரும் பன்னிரண்டு வார்த்தைகள். போன் தொலைந்தாலும் அந்த வார்த்தைகள் இருந்தால் காசை மீட்டுவிடலாம். அவை இன்னொருவன் கைக்குப் போனால் காசும் அவனோடு போய்விடும். போய் அழுவதற்கு ஒரு மேனேஜர்கூடக் கிடையாது.

"அப்ப இந்தக் காசுக்கு அம்மா அப்பா யாருமே இல்லையா?"

"இல்ல சித்தி. அனாதை."

"சரி, நீ வெளிய போ."

"நான்தானே சொல்லிக்குடுத்தேன்!"

"சொல்லிக்குடுத்துட்டல்ல? போ."

கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைத் தாளில் கையாலேயே எழுதினாள். போட்டோ எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. அடுத்து செய்தது எனக்கே தோன்றாத வேலை. முதலில் கொஞ்சம் காசை மட்டும் வரவழைத்தாள். பிறகு வாலட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டு, எழுதி வைத்த வார்த்தைகளைப் போட்டு மறுபடி திறந்து பார்த்தாள். "புதுக் கத்தரிய ஓரத்துல வெட்டிப் பார்க்கணும்டா, நடு மண்டையில இல்ல." அது ஒழுங்காகத் திறந்த பிறகுதான் மிச்சத்தை அனுப்பச் சொன்னாள்.

இன்னொரு பிரதியை உறையில் போட்டு ஒட்டி என் அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். உள்ளே என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது, எங்கே என்று எனக்குத் தெரியாது. அரிசி டப்பாவில் இல்லை. பார்த்துவிட்டேன்.

"ஒரு வாரம் தாங்காது, உளறிடுவா," என்று சித்தப்பா பந்தயம் கட்டினார். நான் சும்மா இருப்பேனா? மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன்.

"மேடம், உங்களுக்கு பரிசா கார் விழுந்திருக்கு. அந்தப் பன்னிரண்டு வார்த்தைய சொன்னீங்கன்னா..."

"கார் என் மேல விழாம இருந்தா சரி. டேய், மூக்க விடு, மூச்சு முட்டிடப்போகுது."

இன்னொரு நாள் நைசாக, "அதுல ஆப்பிள்னு ஒரு வார்த்தை இருக்கா சித்தி? இல்லன்னா இல்லன்னு சொல்லு, போதும்," என்றேன். பதிலுக்குப் பக்கத்து வீட்டு விவாகரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள். முடிந்தபோது நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அவளிடம் பன்னிரண்டு வார்த்தைகளும் கிணற்றில் போட்ட கல்.

ஆனால் கிரிப்டோ வந்த கதையை மட்டும் சலூன் முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். அதற்கான கூலி ஒரு சனிக்கிழமை வந்தது.

நான் அவள் நாற்காலியில், கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். பின்மண்டையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வாலட் பாதுகாப்புப் பிரிவுலேர்ந்து பேசறேன். சுருட்டை முடி பாடத்துக்கு வந்த காசுதானே? யாரோ எடுத்துட்டிருக்காங்க. உடனே தடுக்கணும், பன்னிரண்டு வார்த்தையும் வரிசையா சொல்லுங்க."

சித்தி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் துணிக்கு வெளியே நீட்டிக் காட்டினேன். சத்தியமாக நான் இல்லை. மெஷின் என் மண்டையில் ஒரு குலுங்கு குலுங்கியது.

"பாதி போயிடுச்சு மேடம்! ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன், அதையாவது அமுக்குங்க!"

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. கடை, கண்ணாடி, நாற்காலி எல்லாம் அந்தப் போனுக்குள் கரைந்துகொண்டிருப்பதாகவே அவள் நம்பினாள்.

"போகட்டும் தம்பி," என்றாள். "உங்க முடி சுருட்டையா, நேரா?"

"மேடம்?"

"இவ்ளோ அவசரப்பட்டா முன்பக்கம் வழுக்கை ஏறிடும். ஈரத்தலையில சீப்பு போடுவீங்களா? போடாதீங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் போட்டார், கடைசியில விவாகரத்துல போய் நின்னுது..."

"மேடம், வார்த்தை... வார்த்தைய சொல்லுங்க!"

"வார்த்தைதானே? எவ்ளோ வேணும்? என்கிட்ட மூட்ட மூட்டையா இருக்கு."

பெஞ்சில் காத்திருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பேசாமல் போனைத் துண்டித்திருந்தாலே போதும். ரேடியோவுக்கு அணைக்கும் பொத்தான் இல்லையே. கடைசியில் அவனே வைத்துவிட்டான்.

சிரிக்காதவள் சித்தி மட்டும்தான். அவன் அனுப்பிய லிங்கைத் தொடாமல், வாலட்டைத் தானே நேராகத் திறந்தாள். கடவுச்சொல்லை ஒருமுறை தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள்.

காசு அப்படியே இருந்தது.

"நிஜமாவே போயிருந்தா என்ன பண்ணியிருப்ப சித்தி?"

"அழுதிருப்பேன். வார்த்தைய குடுத்திருந்தா மட்டும் திரும்ப வந்திருக்குமா? எவன் வந்தாலும் சரி, அதக் கேக்கறவன் திருடன்."

"நானுமா?"

"நீதான்டா மொத திருடன்."

சொல்லிவிட்டு, மெஷினை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு என் பின்மண்டையைப் பார்த்து, "ஐயோ!" என்றாள். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வழுக்கை. மொட்டை போட்டுச் சமமாக்கித் தருவதாகக் கெஞ்சினாள். நான் விடவில்லை. அவள் கை நடுங்கியதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அது, சும்மா அழித்துவிடலாமா?

இப்போது அந்த இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. சித்தி கடைக்கு இடம் பார்க்கிறாள் என்று அம்மா சொன்னாள். காசு எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தெரு என்று சித்தியிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு விவாகரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

என் முடி காதை மூடித் தோளைத் தொடப்போகிறது. அந்தப் புது நாற்காலியில் முதல் தலையாக உட்காரத்தான் வெட்டாமல் வைத்திருக்கிறேன். சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.