தையலுக்கு விட்ட அரை அங்குலம்

கூடத்தில் படகு நிற்கிறது என்றால் எல்லோருக்கும் சிரிப்பு. தையற்காரிக்கு மட்டும் வயிறு எரிந்தது. எட்டு மாதமாக அவளுடைய வெட்டுமேசை சுவரோரம் சாத்திக் கிடக்க, கட்டிலில் மண்டியிட்டுத் துணி வெட்டுகிறாள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இன்னும் எண்பது சீருடை பாக்கி. தவறினால் அந்தப் பள்ளி அடுத்த வருடம் இவள் வாசல் பக்கமே வராது.

அவள் புருஷன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மனுஷன் சாப்பிட்டுத் தூங்கினால் ஆகாதா? படகு செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வார்னிஷ் நாற்றம் தாங்காமல் வாடிக்கைக்காரி ஒருத்தி, தைத்து வாங்கிய சட்டையை மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"சனிக்கிழமை இது வெளிய போகணும். இல்லாட்டி நான் போறேன்."

"போயிடும்மா. கதவு முப்பது அங்குலம். படகை ஒருக்களிச்சுப் பிடிச்சா இருபத்தெட்டுதான். பஸ்ஸையே சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்தவன் நான்!"

சனிக்கிழமை அவருடைய பழைய கண்டக்டர் இரண்டு பேரோடு வந்தான். ஒருக்களித்துத் தூக்கினார்கள். பாதி தூரம் போய் முட்டிக்கொண்டது. டேப் வைத்தால் முப்பத்தொன்று.

"ஐயோ, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாருண்ணே அளவு போட்டது?" என்றான் கண்டக்டர்.

அவர் ஆணியில் தொங்கிய பழுப்புத் தாள்களை ஒரு தரம் பார்த்தார். "நான்தான்" என்றார். "மேல் பலகையை அறுத்துடறேன். பாவம், அவளுக்கு இடம் வேணும்."

ரம்பத்தை எடுக்கப் போனவரைத் தாண்டி அவளும் தாள்களைப் பார்த்தாள். "உன் கைதான் நேரா வெட்டும்" என்று அவர் கெஞ்சியதால், பலகைகளின் வடிவத்தைத் தாளில் வெட்டிக் கொடுத்தவள் அவளே. அவர் போட்ட பென்சில் கோட்டுக்கு வெளியே, சுற்றிலும் அரை அங்குலம். கைப்பழக்கத்தில், துணிக்கு விடுவதுபோல், தையலுக்கு விட்டிருக்கிறாள்! ஒரு பக்கத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பலகை, பலகைக்கு ஓர் அங்குலம்; இருபத்தெட்டு முப்பத்தொன்றாகிவிட்டது. அந்த மனுஷன் அவள் வெட்டிய ஓரத்தை மயிரிழை பிசகாமல் அறுத்திருக்கிறார்.

எட்டு மாதம் திட்டியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"ரம்பத்தைக் கீழ வைங்க! தப்பு பண்ணினது நான், பழியை நீங்க சுமப்பீங்களோ? தம்பி, கடப்பாரை கொண்டா. கதவு நிலையைப் பெயருங்க."

"வாசலுக்குக் கதவு?" என்றார் அவர்.

"படுதா ஒண்ணு தச்சுத் தொங்க விடறேன். அதுக்காவது அரை அங்குலம் விட்டு வெட்டலாம்."