தட்டில் வளர்ந்த நரம்பும் ஒரு கையெழுத்தும்

என் பழைய மாணவி ஒருத்தியிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அவள் விரல்கள் ஏன் மரத்துப் போகின்றன என்று பார்க்கத்தான் இரத்தம் எடுக்கிறார்கள் என்றேன். இரத்தம் எடுத்தது அதற்காக இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு என்று வந்து, பதுளையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவன். என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிறாள். அவள் செய்வது விஞ்ஞானமா சித்திரமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒருவருடைய இரத்தத்திலிருந்து எடுத்த உயிர்க்கலங்களை நரம்புக் கலங்களாக மாற்றி, ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். அவை விடும் மின்துடிப்பு கம்பி வழியே போய் ஓர் இயந்திரக் கையை அசைக்கும். அந்தக் கை பேனா பிடித்துக் கோடு போடும். போட்ட கோட்டைக் கமெரா பார்த்து, அதையும் துடிப்பாக்கித் தட்டுக்கே திருப்பி அனுப்பும்.

காலம் முழுக்கக் கையால் உழைத்த ஒருவரின் இரத்தம் வேண்டும் என்று, ஒரு டாக்டரையும் கூட்டிக்கொண்டு மகள் வந்தாள். நாலு பக்கத் தமிழ்ப் படிவம். அதை முழுவதும் வாசித்து விளக்கிச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. முதலில் கேட்ட இரண்டு பெண்கள் பயந்து மறுத்துவிட்டார்கள். மகளின் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாவதாகத்தான் என் பழைய மாணவி இவளிடம் போனேன். கொழுந்து எடுக்கிறவள். வலது பெருவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப் போவதாகக் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். மகளும் டாக்டரும் வாகனத்தில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தபோது முதல் பக்கத்தை மட்டும் வாசித்தேன். மற்ற மூன்றுக்கும் பதிலாக அந்தப் பொய்.

"சேர் சொன்னா சரிதான். எங்க போடணும்?" என்றாள். எட்டாம் வகுப்பில் எழுதிய அதே சாய்ந்த எழுத்து.

ஒன்றரை வருடம் கழித்து மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பெரிய கண்காட்சி மண்டபம். சுற்றிலும் ஆட்கள். நடுவில் வெள்ளை இயந்திரக் கை ஒன்று கோடு போட்டது, நின்றது, ஏதோ நினைவு வந்தது போல மறுபடி போட்டது. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அது யோசிக்குதோ?"

"இல்லையப்பா. அது மூளை இல்லை, கொஞ்சக் கலங்கள்தான்."

"அப்ப கோடு போடுறது ஆர்?"

"அதைத்தானப்பா நாங்களும் கேக்கிறம்" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் பசறைச் சந்தையில் இவளைக் கண்டேன். பையை இடது கையில் தூக்கியிருந்தாள்.

"சேர், ரிசல்ட் வந்துச்சுங்களா?"

எந்த ரிசல்ட் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டுச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் போகவில்லை.

"அதான் வெளிநாட்டுல பெரிய டாக்டருங்க பாத்துக்கிட்டிருக்காங்களே. அதுக்குள்ள இங்க போயி எதையாச்சும் வெட்டி விட்டுட்டா?"

அவளுடைய வலது பெருவிரலடியில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடுகளில், அவள் லயத்துக்குப் போனேன். செய்ததைச் சொன்னேன். நாலு பக்கத்தையும் வாசித்தேன். வீடியோவையும் காட்டினேன். பக்கத்துக் காம்பராப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, ஒன் கை அங்க உக்காந்து படம் வரையுது. நீ இங்க கொழுந்தக் கிள்ள முடியாம கங்காணிகிட்ட ஏச்சு வாங்குற. கெட்டிக்காரிதான் போ!" வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு வலிக்குமா சேர்?"

"இல்லை எண்டுதான் சொல்லுகினம்."

"பசிக்குமா?"

"ரெண்டு நாளைக்கொருக்கா ஏதோ சத்துத் தண்ணி ஊத்துவினம்."

"ஊத்தாட்டி?"

"செத்துப்போகும்."

"அப்ப பசிக்குதுல்ல" என்றாள்.

அவளுக்குச் செய்த பிழையைச் சொல்லத்தான் போயிருந்தேன். அந்தத் தட்டுக்கும் ஏதாவது பிழை செய்துவிட்டேனா என்ற குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"நிப்பாட்டச் சொல்லுங்க."

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் முழுக்க வாசிச்சனீங்கள் எண்டுதானே நம்பினனான்" என்றாள். கண்காட்சியை இடையில் மூடி, தட்டையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு மகள் எனக்குப் போன் எடுப்பதில்லை. நிறுத்திய நாளை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பினாள்.

அந்த வாரமே இவளைப் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிறகும் ஒவ்வொரு கிளினிக்குக்கும் கூடப் போனேன். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று சொல்லிச் சின்னச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மரப்பு நின்றது. வற்றிய சதை திரும்பவில்லை. முன்பே வந்திருந்தால் திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடவில்லை. கொழுந்தைக் கிள்ள அந்த விரல்களுக்கு இனிப் பிடி வராது. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை மாற்றிவிட்டார்கள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். தட்டை நிறுத்திய நாளை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அன்னைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன் சேர். செத்தது யாருன்னு தெரியல. ஊத்தாம இருக்க மனசு வரல."

நானும் முழுகியிருக்க வேண்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் இருந்துவிட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு எதையும் இடது கையால் தந்ததில்லை. அது எவ்வளவு மரியாதைக் குறைவு என்று அவளுக்குத் தெரியும். வலது கை கோப்பையைப் பிடிக்காது என்பதாலா, இல்லை எனக்கு இனி இவ்வளவு மரியாதைதான் என்று முடிவு செய்ததாலா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.