கழற்றுகிற பல், கழற்ற முடியாத பல்

யதிராஜன் சாமிக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று அவருடைய குரல். இன்னொன்று, தனக்குக் கர்வமே கிடையாது என்பது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டார். தினமும் காலையில் தேரடிப் பக்கம் அவர் வீட்டு முனையில் ஏற்றிக்கொண்டு, காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைத் தாண்டி இருக்கிற ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் விடுவேன். வேலை முடிந்ததும் திரும்ப அழைத்து வருவேன். மாதச் சவாரி. என் பேர் சந்திரமோகன். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். பட்டறையை மூடிவிட்டார்கள், ஆட்டோவுக்கு வந்துவிட்டேன்.

பெருமாள் முன்னால் சேர்ந்து நின்று பாசுரம் சொல்கிறவர்களுக்குக் கோஷ்டி என்று பேர். பெரிய கோயில்களில் கூட்டமாக நிற்பார்கள். இங்கே ஏழெட்டுப் பேர், அதிலும் பாதிப்பேர் ரிட்டயர் ஆன பிறகு பக்தி வந்தவர்கள். சாமி முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். நான் வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு கேட்பேன். எனக்கு அர்த்தம் பாதி புரியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நறுக்கித் தட்டில் வைத்த மாதிரி தனித்தனியாக விழும். நான் உள்ளே போனதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போகத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை வியாதி அவருடைய ஈறைப் பிடித்தது. மேல்வரிசையில் முன்பக்கம் ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக விழுந்தது. பல் போனால் சொல் போச்சு என்பது அவர் விஷயத்தில் பழமொழி இல்லை, நடப்பு. ‘த’வும் ‘ந’வும் ‘ச’வும் காலை வாரிவிட்டன. காற்று முன்னால் வந்தது, எழுத்து பின்னால் வந்தது. ஸ்டேஷன் போகிற வழியில் இருக்கும் டாக்டர் விக்டோரியாவின் பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, கழட்டி மாட்டுற செட். சாப்பிட்டதும் கழட்டிக் கழுவணும், ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும். இன்னொண்ணு, இம்ப்ளான்ட். எலும்புல ஸ்க்ரூ வச்சு அதுமேல பல்லைக் கட்டுறது. அதை நீங்க கழட்ட முடியாது. ஆனா ஆபரேஷன், மாசக்கணக்குல ஆகும், செலவும் ஜாஸ்தி. உங்க சுகருக்கு செட்டே போதும்னு நான் சொல்வேன்.”

“கழட்டினா எச்சில் ஆச்சே, டாக்டர்” என்றார் சாமி.

“கழுவிட்டா சுத்தம்தானே சார்?”

சாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாயிலிருந்து வெளியே வந்தது எச்சில், அதைத் தொட்ட கையும் எச்சில், அந்தக் கை தொட்டதும் எச்சில். இதை ஒரு பல் டாக்டருக்கு எப்படி விளக்குவது? அவர் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவர். கடைசியில் சாமி செட்டுக்கே தலையாட்டினார்.

வீட்டில் அவர் சம்சாரம் பங்கஜவல்லி மாமி அந்தச் செட்டுக்குக் கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு டம்ளர் ஒதுக்கிவிட்டார். சமையலறைப் பக்கமே அதற்கு அனுமதி இல்லை. சாப்பிட்டு முடித்ததும் சாமி குழந்தைப் பிள்ளை மாதிரி கொல்லைக்கும் கூடத்துக்கும் அலைந்தார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஒரு ஏகாதசி அன்று சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்குக் கோயிலில் நல்ல கூட்டம். உள்ளே நடந்ததைச் சாமி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். உச்சத்தில் ஒரு அடியைப் பிடிக்கும்போது செட்டு நழுவியது. கீழே விழாமல் சாமி வலது கையால் ஏந்திக்கொண்டார், திரும்ப மாட்டிக்கொண்டார், பாசுரத்தையும் முடித்துவிட்டார். முடிந்ததும் தீர்த்தம். கோஷ்டியில் முதல் தீர்த்தம் அவருக்குத்தான், அதுதான் அவருக்கு உள்ள மரியாதை. பூஜை பண்ணுகிற பட்டர் தீர்த்த வட்டிலோடு வந்து நின்றார். சாமி கையை நீட்டவில்லை. எச்சில் கை. வெளியே போய்க் கழுவிவிட்டு வர வழியில்லாமல் நெருக்கமாகக் கூட்டம். பட்டர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கப் போய்விட்டார்.

“மோகன், இன்னிக்கு என்னைத் தாண்டிண்டு போயிட்டா” என்றார், வண்டியில் ஏறியதும். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

“வுடு சாமி, பட்டருக்கு இன்னா தெரியும்.”

“அவர் பண்ணினதுதான் சரி. தப்பு இந்தப் பல்லோடது. வண்டியை டாக்டராண்ட விடு.”

இம்ப்ளான்ட்தான் என்று முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, டாக்டரம்மாவுக்குப் பொறுமை பைபிளில்தான் கிடைத்திருக்க வேண்டும். ஸ்க்ரூ என்ன உலோகம்? டைட்டானியம். உலோகத்துக்குத் தோஷமில்லை, சரி. தையல் நூல் எதில் செய்தது? ஆட்டுக் குடலில் ஒரு நூல் உண்டாமே? இல்லை சார், இது நைலான். வாய் கொப்பளிக்கிற மருந்தில் சாராயம் உண்டா? இல்லாததாகத் தருகிறேன். மாத்திரை கேப்ஸ்யூல் ஓட்டுக்குள் போட்டு வருமா, வில்லையாக வருமா? ஓடு ஏதோ பிராணியிலிருந்து செய்கிறார்களாமே? வில்லையாகவே எழுதுகிறேன் சார்.

இவ்வளவு கேட்ட மனுஷர் ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டார். எலும்பு மெலிந்திருக்கிறது, கிராஃப்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் என்ன என்று சாமி கேட்டதற்கு, “மாமரத்துக்கு ஒட்டுப் போடுறோமில்ல, அந்த மாதிரி சார். ஒரு பவுடர் வச்சு மூடிடுவோம். அதுமேல உங்க எலும்பு வளரும்” என்றார். பவுடர் என்றதும் சாமி அதை மருந்து என்று எடுத்துக்கொண்டார். மிச்சத்தை டாக்டரம்மா சாமியின் பையன் ஸ்ரீராமனிடம் பேசினார். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இருவரும் அறைக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து பல மாதம் சாமி கோஷ்டியில் கடைசி ஆளாக நின்று உதட்டை மட்டும் அசைத்தார். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்துவிடுவார். கடைசியில் ஐப்பசியில் பல் கட்டியாயிற்று. முதல் நாள் அவர் எடுத்துக் கொடுத்த அடி வெளியே எனக்குக் கேட்டது. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். எனக்கு என் சொந்தப் பல்லே முளைத்த மாதிரி சந்தோஷம். மார்கழி வருகிறது, மாதம் முழுக்கத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சாமி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மார்கழிக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கு முட்டி வலி, அதனால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

“பாருங்க சார், எவ்ளோ அழகா புடிச்சிருக்கு. இனிமே அசையவே அசையாது.”

“எல்லாம் அந்தப் பொடி பண்ணின வேலை. எதுலேர்ந்து பண்றா அதை? ஏதாவது மூலிகையா?”

“இல்ல சார், மாட்டெலும்பு. நல்லா சூடு பண்ணி, சுத்தம் பண்ணி, வெறும் தாதுவாத்தான் வருது.” அவர் முகம் மாறியதைப் பார்த்து டாக்டரம்மா நிறுத்தினார். “உங்க பையன்கிட்ட சொன்னேனே சார். செயற்கையா பண்ணதும் இருக்கு, ஆனா என் அனுபவத்துல இதுதான் நல்லா நிக்குதுன்னேன். ஓகேன்னாரே. உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றார்னு நெனச்சேன்.”

“எடுத்துடுங்கோ.”

“எதை சார்?”

“அந்தப் பொடியை.”

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். “எடுக்க முடியாது சார். அது உங்க எலும்போட கலந்துடுச்சு. இப்ப எது அது, எது நீங்கன்னு யாராலயும் பிரிக்க முடியாது.” ஆறுதலாக நினைத்துத்தான் அதைச் சொன்னார், பாவம்.

வண்டியில் உட்கார்ந்து பையனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அவன் பேசியது எனக்கும் கேட்டது. “அப்பா, அது மருந்துப்பா. கேட்டா வேண்டாம்னுடுவேள். பாசுரம் சேவிக்க முடியாம நீங்க படற கஷ்டத்தைப் பார்க்க முடியலை.” சாமி “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எச்சிலுக்குப் பயந்து இவர் கிணறு வெட்டினார், பூதம் கிளம்பிவிட்டது. எனக்கு அந்தப் பையன்மேல் கோபம்தான். ஆனால் அவன் இடத்தில் என் மகள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

“மோகன், நான் அசுத்தமாயிட்டேன்டா” என்றார் சாமி. “இனிமே பெருமாள் முன்னாடி இந்த வாயைத் திறக்க முடியாது.”

“யாருக்கும் தெரியாது சாமி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“பெருமாளுக்குத் தெரியுமே.”

எங்கள் காலனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிக் குழம்புதான். என் பெண்சாதி தமிழ்செல்வி வைக்கிற குழம்பின் வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். அவர் தாடையில் ஒரு சிட்டிகை போனதற்கு இடிந்து உட்கார்ந்துவிட்டார். நான் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறேன். அப்படியானால் நான் யார்? கேட்க வாய் வரை வந்தது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

மார்கழி பிறந்தது. பல் சரியாக அமையவில்லை, உச்சரிப்பு தப்புகிறது என்று கோஷ்டியில் சொல்லிவிட்டார். எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு பாங்கியில் இருந்து ரிட்டயர் ஆன வரதனுக்குப் போனது. “சொன்னா கேட்டாத்தானே, ஆசைப்பட்டு ஸ்க்ரூ போட்டுண்டார், இப்போ அனுபவிக்கிறார்” என்று வாசலிலேயே பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டார். பங்கஜவல்லி மாமியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் வந்தார். பனியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கோபுர வாசலுக்கு வெளியே என் பக்கத்தில் நின்றார். உள்ளே வரதன் ஒரு அடியை விழுங்கிவிட்டுப் போகும்போதெல்லாம் இவருடைய கை வேட்டியைப் பிடித்துக் கசக்கும். உதடு மட்டும் பிரியாது.

ஒரு நாள் திரும்பி வரும்போது எஸ்டேட் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டி. இன்ஜினை நிறுத்தினேன். அப்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. அன்றைய பாசுரம், முதலிலிருந்து. ஆரன் சத்தத்துக்கு நடுவில் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. பல் போவதற்கு முன்னால்கூட இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் பைக்கில் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

முடித்ததும் திரும்பிச் சொன்னேன். “சாமி, இம்மாம் நல்லா வருதே. வெளிய நின்னுக்கினு ஏன் தவிக்கிற? உள்ள போய் சொல்லலாமே.”

“உள்ளே கூடாது மோகன். இங்கே சொன்னா தோஷமில்லை.”

ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். பிரியமாகக்கூடச் சொன்னார்.

“இங்க மட்டும் இன்னாத்துக்கு சாமி தோஷமில்ல?” என்று கேட்டேன்.

“இது உன் வண்டி…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். தான் சொல்ல வந்தது என்ன என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. நானும் உதவிக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் அதைத் தானாக யோசிக்கட்டும் என்று இருந்தேன். லாரி ஒருவழியாகத் திரும்பியது, பின்னால் ஆரன் அடித்தார்கள், கிளப்பினேன். வீட்டு முனையில் இறங்கும்போது, “நாளைக்கு வருவியோன்னோ?” என்று கேட்டார். “வராம இன்னா சாமி” என்றேன்.

மறுநாள் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். மார்கழி முடிந்து தையும் போய்விட்டது, இன்னும்தான் போய்க்கொண்டிருக்கிறேன். கேட்டது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. வண்டியில் சர்க்கரையைப் பற்றிப் பேசுவார், வெயிலைப் பற்றிப் பேசுவார், என் மகள் படிப்பை விசாரிப்பார். பாசுரம் மட்டும் சொல்வதில்லை. லாரி மறித்து நிற்கும்போதெல்லாம் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கிறேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.