“என்ன கலருங்க?” என்று கேட்டே பாடம் நடத்திய எங்கள் அண்ணன்

சொந்தபந்தங்களுக்கும், அண்ணனின் நண்பர்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எந்த நிறத்தில் அட்டை போடுவது என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் அண்ணிதான், “எந்தக் கலர்ல போட்டாலும் அவரு நல்லா இருக்குதுன்னுதான் சொல்லியிருப்பாரு, விடுங்க” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆகவே அழுதுகொண்டு எழுத வேண்டியதைச் சிரித்துக்கொண்டே தொடங்குகிறேன். அண்ணனைப் பற்றி எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். நீலமும் மஞ்சளும் நம்மைப் போலவே தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவருக்கு ஏறக்குறைய ஒரே சாயல்தான். இப்படிப்பட்டவரை முருகன் எங்கே கொண்டுவந்து வளர வைத்தான் என்றால், சாயப்பட்டறைக்காரர் வீட்டில்!

அண்ணன் பிறந்தது பொங்கலூர் பக்கம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தறியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து சிறியதாக ஒரு சாயப்பட்டறை போட்டார். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பச்சை டி-ஷர்ட் துணியோடு பச்சைக் காலர்களைச் சேர்த்து மூட்டை கட்டச் சொல்லி அப்பா அண்ணனிடம் விட்டுப் போனார். அண்ணன் பொறுப்பாகக் கட்டி அனுப்பிவைத்தார். மறுநாள் பனியன் கம்பெனிக்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தவை எல்லாம் சிவப்புக் காலர்.

“ஏஞ்சாமி, இது ரெண்டும் உனக்கு ஒண்ணாவா தெரியுது?” என்று அப்பா கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்கப்பா” என்றார் அண்ணன், நிஜமாகவே புரியாமல்.

கண் மருத்துவர் இதற்கு மருந்து இல்லை என்று கைவிரித்துவிட்டார். அப்பா மலைக்கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, “நீ படிச்சுக்க சாமி. கலரே இல்லாத வேலையாப் பாத்துப் போயிரு” என்றார். அப்பா பேச்சைத் தட்டாத அண்ணன் படித்தார். எடுத்த பாடம் வேதியியல்! வேதியியல் என்றால் தாளில் கணக்குப் போடுவது என்று அப்பா நினைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் சொட்டுக்கு ஒரு நிறம் மாறும் என்று அவருக்குச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

“ஏண்ணா, உனக்கு வேற பாடமே கிடைக்கலையா?” என்று நான் கேட்டேன். “ஒண்ணோட ஒண்ணு சேந்தா மூணாவதா ஒண்ணு வருது அம்மிணி. அதை விட்டுட்டு எப்படிப் போறது?” என்றார். ஆசை வெட்கமறியாது என்பது அண்ணன் விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது. உடன் படித்த நண்பர் நிறம் சொல்ல, கண்ணாடிக் குடுவைகளை வெள்ளை ஓட்டின்மேல் வைத்து வெளிச்சம் மங்குவதை இவர் பார்க்க, ஒருவழியாகப் பட்டமும் மேல்பட்டமும் வாங்கி, நம் ஊரிலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு அமராவதி நகரில் பெண் பார்க்கப் போனதையும் இங்கே எழுதிவிடச் சொல்லி அண்ணியே உத்தரவு போட்டிருக்கிறார். தனியாகப் பேச விட்டபோது அண்ணன், “இந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு நல்லா இருக்குதுங்க” என்றாராம். அண்ணி கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு. ஒரு நிமிடம் புடவையைக் குனிந்து பார்த்துவிட்டு அண்ணி, “சரீங்க, பச்சைன்னே வெச்சுக்கலாம்” என்றாராம். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணனின் சட்டைகளை அண்ணிதான் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் இது சிரிப்பு. கல்லூரியில் அப்படியில்லை. விஷயம் வெளியே தெரிந்தால், ‘நீங்கள் வகுப்பில் பாடம் மட்டும் எடுங்கள், ஆய்வகத்துக்குள் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் அண்ணனுக்கு எப்போதும் இருந்தது. பாடம் எடுப்பதிலும் அவர் சளைத்தவர் அல்ல. பனியனை டஜன் கணக்கில் கட்டுகிற ஊரில், “டஜன்னா பன்னெண்டு. அணுவை எண்ணற மோலும் அப்படித்தான், கொஞ்சம் பெரிய கட்டு” என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளங்காது? ஆனால் உயிர் என்னவோ ஆய்வகத்தில்தான். கம்பெனியில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூக்கத்தோடு வரும் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமையும் ஆய்வகத்தைத் திறந்து வைப்பார். அந்தக் கதவு தனக்குச் சாத்தப்பட்டால் என்ன ஆவார் என்று எங்களுக்கெல்லாம் கவலை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். சோதனை செய்து காட்டுவார். நிறத்தை மட்டும் அவர் வாயால் சொல்லவே மாட்டார். முதல் இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்த வேண்டிய சோதனை என்றால், குடுவையில் உள்ள அமிலத்தில் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டுக்கொண்டே, “என்ன கலருங்க? பாத்ததைச் சொல்லுங்க” என்பார்.

“பிங்க் சார்!”

“பிங்க் இல்லீங்க சார், பேபி பிங்க்.”

“ஏய், அது ஆனியன் பிங்க்டா!”

திருப்பூர்ப் பிள்ளைகள் அல்லவா! பாதிப் பேர் கம்பெனியில் துணிக்குத் துணி ஷேடு ஒத்துப் பார்த்தவர்கள். வகுப்பே பட்டிமன்றம் ஆகிவிடும். எல்லோரும் ஒத்துப்போகிற இடத்தில் அண்ணன் குழாயை மூடுவார். கணக்குப் பிசகாமல் வரும்.

இதில்தான் வினை வந்தது. மாணவர்களைப் பேச வைக்கும் அருமையான முறை என்று கல்லூரி முதல்வருக்கு இது பிடித்துப்போய், எல்லாப் பேராசிரியர்களுக்கும் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லிவிட்டார். “பாராட்டுறாங்க அம்மிணி. நல்லா மாட்டிக்கிட்டேன்” என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார். அன்று நடந்ததைப் பிறகு அண்ணனே விசேஷ வீடுகளில் எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

பெஞ்சுகளில் பேராசிரியர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே, “என்ன கலருங்க?” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைபோல ‘பிங்க்’ என்று கத்த அவர்களுக்குக் கூச்சம். அண்ணன் மறுபடி கேட்டார். பதில் இல்லை. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. குடுவை ரோஜாப்பூ நிறமாகி அதையும் தாண்டிப் போனது. துறைத்தலைவர் அம்மாதான் பொறுக்க முடியாமல், “சார், நிறுத்த வேண்டிய இடம் தாண்டி ரொம்ப நேரமாச்சுங்களே” என்றார்.

அண்ணன் குழாயை மூடினார். “எனக்குத் தெரியாதுங்க. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரியாதுங்க. இத்தனை வருசமாப் பசங்க சொல்லித்தான் நடத்தறேன்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

முதல்வர் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு, “அவங்க மாத்திச் சொல்லியிருந்தா?” என்று கேட்டார்.

“அப்படி எனக்குத் தோணவே இல்லீங்க” என்றார் அண்ணன்.

இறுதியாண்டுப் பிள்ளைகளை வரச் சொன்னார் முதல்வர். வந்து நின்றவர்களிடம், “உங்க சாருக்குக் கலர் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியுமா?” என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு பெண் வாய் திறந்தாள்.

“தெரியுமுங்க சார். சேந்த ஒடனே சீனியருங்க கூப்பிட்டுச் சொல்லிருவாங்க. லீவுக்கு என்ன பொய் வேணாச் சொல்லிக்கங்க, கலரை மட்டும் சாருகிட்ட மாத்திச் சொல்லிராதீங்கன்னு. அவங்களுக்கும் அவங்க சீனியருங்கதான் சொன்னாங்களாமுங்க.”

அண்ணனுக்கு அதுவரை இது தெரியாது. தான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்ததை, வருடா வருடம் பிள்ளைகள் அவருக்காக மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் அண்ணனால் மேலே நடித்துக் காட்ட முடியாது. அண்ணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருவார். முதல்வர் குடுவையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “சரீங்க சார், இன்னொரு தடவை புதுசாக் கலக்குங்க. இந்தத் தடவை நாங்களும் சொல்றோம்” என்றார். அன்று பேராசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டிடத்திலிருந்து என்னமோ ஏதோ என்று ஆள் ஓடிவந்ததாம்!

பணி ஓய்வு பெறும் நாள்வரை அண்ணன் அந்த ஆய்வகத்திலேயே இருந்தார். அதற்குப் பின்னும் நிம்மதியாகச் சில ஆண்டுகள் இருந்து, இருதயம் பலவீனப்பட்டு, அதிகம் படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். இல்லாத குறை எங்களுக்கு இருக்கிறது. நினைத்தால் அழுகையும் வருகிறது. ஆனாலும் அவர் ஆசைப்பட்டதைச் செய்துகொண்டே வாழ்ந்த மனிதர் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரியது.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அகாலத்தில் கார் எடுத்து ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மாருக்கும், அன்று வேலையை நிறுத்திவிட்டு வந்த முதலிபாளையத்துக் கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனிடம் படித்த பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரே ஒரு நாள் விளையாட்டுக்கு மாற்றிச் சொல்லியிருந்தாலும் அண்ணன் ஆய்வகத்தை இழந்திருப்பார். இருபது வயதில் விளையாட்டுப் புத்தி இல்லாதவர்கள் யார்? அப்படியிருந்தும் உங்களில் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. வயதில் சின்னவர்கள் என்று பார்க்காமல் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கை